பிழை எங்கே பிறக்கிறது? பழைய மில்லிங் எந்திரமும் புதிய சர்வோ மோட்டாரும்

பழைய மில்லிங் எந்திரம் ஒன்றின் கைச்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சர்வோ மோட்டார்களைப் பொருத்திக் கணினியோடு இணைக்கிறார்கள். பட்டறைகளில் இதற்கு ரெட்ரோஃபிட் என்று பெயர். முதல் சோதனையாக, அலுமினியத் தகட்டில் 50 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டச் சொல்கிறார்கள். வட்டம் வந்துவிடுகிறது. ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், விளிம்பில் சரியாக நான்கு இடங்களில் மெல்லிய வடு. கடிகாரத்தில் 12, 3, 6, 9 என்ற எண்கள் இருக்கும் இடங்கள் அவை. நகத்தை ஓட்டினால் அந்த நான்கு இடங்களில் மட்டும் தட்டும்; மற்ற இடமெல்லாம் வழவழப்பு. கட்டர் மழுங்கியிருந்தால் விளிம்பு முழுவதும் கெட்டிருக்கும். புரோகிராம் தவறென்றால் வட்டமே வட்டமாக வந்திராது. நான்கே இடங்களில் மட்டும் ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடாமல், நேராகக் கணினித் திரையில் கெயின் எண்களை, அதாவது திருத்தத்தின் அளவைத் தீர்மானிக்கும் எண்களைத் திறந்து ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைப்பதுதான் பரவலான வழக்கம். வடு சற்று மங்கும்; பதிலுக்கு மோட்டார் உறுமத் தொடங்கும். உறுமலை அடக்கினால் வடு திரும்பிவரும். எண்களில் கை வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பிழை மோட்டாரின் அளவுகருவிக்குத் தெரிகிறதா, தெரியவில்லையா? தெரிகிற பிழையை மட்டுமே இந்த எண்களைச் சீரமைக்கும் ட்யூனிங் திருத்தும். தெரியாத பிழையை எந்த எண்ணாலும் திருத்த முடியாது. சர்வோவின் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் கலை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

சாதாரண மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் சுற்றும்; எவ்வளவு சுற்றினோம் என்பது அதற்குத் தெரியாது. சர்வோ மோட்டாரின் பின்புறத்தில் என்கோடர் என்னும் அளவுகருவி இருக்கிறது. மெல்லிய கண்ணாடித் தட்டில் நெருக்கமாகக் கோடுகள் பொறித்திருப்பார்கள். ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளியை உணரும் இரண்டு கண்கள். தட்டு சுழலும்போது கோடுகள் ஒளியை மறைத்து மறைத்து விடுகின்றன. இரண்டு கண்களும் கால் கோட்டு இடைவெளி தள்ளி வைக்கப்பட்டிருப்பதால், எந்தக் கண் முதலில் மறைபட்டது என்பதை வைத்துச் சுழலும் திசை தெரிகிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் நான்கு எண்ணிக்கையும் கிடைக்கிறது. 1000 கோடுள்ள தட்டு ஒரு சுற்றுக்கு 4000 எண்ணிக்கை தரும். மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் மேசையை 5 மில்லிமீட்டர் நகர்த்தும் பால் ஸ்க்ரூவோடு இதை இணைத்தால், ஓர் எண்ணிக்கை என்பது ஒரு மில்லிமீட்டரில் 800-ல் ஒரு பங்கு, அதாவது 1.25 மைக்ரான். கணினி நொடிக்கு ஆயிரம் முறை இந்த எண்ணிக்கையைப் படித்து, இருக்க வேண்டிய இடத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப மோட்டாரைத் தள்ளுகிறது. விளைவை அளந்து அடுத்த செயலைத் திருத்தும் இந்த ஏற்பாடுதான் பின்னூட்டம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்கோடர் பார்ப்பது மோட்டாரின் அச்சை மட்டுமே. கட்டர் எங்கே இருக்கிறது, மேசை எங்கே நிற்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. அச்சுக்கும் மேசைக்கும் நடுவே கப்ளிங், பால் ஸ்க்ரூ, நட், பேரிங் என்று பல பாகங்கள் இருக்கின்றன. அவற்றில் எது தளர்ந்தாலும் என்கோடர் எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

எண்களால் இயங்கும் மில்லிங் எந்திரம் பிறந்ததே ஒரு ரெட்ரோஃபிட்டாகத்தான். ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ், வளைவுகளை எண்களின் வரிசையாகக் கொடுத்து வெட்டலாம் என்ற யோசனையை அமெரிக்க விமானப்படையிடம் கொண்டுபோனார். அந்த வேலை எம்.ஐ.டி.யின் சர்வோமெக்கானிசம் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே சின்சினாட்டி நிறுவனத்தின் ஹைட்ரோ-டெல் என்ற மில்லிங் எந்திரத்தை எடுத்து, துளையிட்ட காகித நாடாவும் வெற்றிடக் குழாய்களும் கொண்ட கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தி, 1952-ல் மக்கள் முன் இயக்கிக் காட்டினார்கள். ஆக, வேறொரு வேலைக்கென்று வார்க்கப்பட்ட இரும்புக்குப் புதிய மூளை வைத்தால் என்னவாகும் என்ற கேள்வி இந்தத் துறையின் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. மூளை வெகுவாக மலிந்துவிட்டது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்த லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கோவையானாலும் அமெரிக்காவின் கனெக்டிகட் ஆனாலும், சிறு பட்டறைக்கு மலிவான மூளையும் கனமான பழைய இரும்பும் சேர்ந்த கூட்டணி பெரிய வரம். ஆனால் வரம் வேலை செய்ய வேண்டுமானால் அந்த இரும்பின் வயதை மூளை அறிந்திருக்க வேண்டும்.

சர்வோவுக்குள் ஒரே ஒரு பின்னூட்டம் இல்லை; ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பது மின்னோட்ட வளையம். மோட்டாரின் முறுக்குவிசை அதில் ஓடும் ஆம்பியரைப் பொறுத்தது என்பதால், இந்த வளையம் விசையைக் கட்டுப்படுத்துகிறது. அதைச் சுற்றி வேக வளையம். அதையும் சுற்றி வெளியே இட வளையம். வழக்கமான ஒரு ரெட்ரோஃபிட்டில் உள்ளே இருக்கும் இரண்டும் டிரைவ் என்னும் மின்பெட்டியில் நடக்கும். இட வளையம் கணினியில் நடக்கும். கணினி டிரைவுக்கு அனுப்புவது கூட்டல் 10 வோல்ட்டுக்கும் கழித்தல் 10 வோல்ட்டுக்கும் இடைப்பட்ட ஒரு மின்னழுத்தம். எவ்வளவு வோல்ட்டோ அவ்வளவு வேகம். பழைய டிசி மோட்டார்களில் வேகத்தை அளக்க டேக்கோ ஜெனரேட்டர் என்ற சிறு மின்னாக்கி அச்சிலேயே இருக்கும். உள் வளையம் வெளி வளையத்தைவிடப் பல மடங்கு சுறுசுறுப்பாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு நிலைத்து நிற்கும். கட்டளையை நிறைவேற்றி முடிப்பதற்குள் மேலிடத்திலிருந்து அடுத்த திருத்தம் வந்துகொண்டே இருந்தால், தாமதமாக வந்த திருத்தம் எதிர்த்திசையில் பிழையை உண்டாக்கும், ஊசலாட்டம் பிறக்கும். ஆகவே சீரமைப்பு எப்போதும் உள்ளிருந்து வெளியே போக வேண்டும். வேக வளையம் தள்ளாடிக்கொண்டிருக்கையில் இட வளையத்தின் எண்களைத் திருகுவது வீண் வேலை.

இட வளையத்தில் திருத்தத்தின் அளவைத் தீர்மானிக்கும் எண்கள்தான் கெயின், தமிழில் பெருக்கம். முதன்மையானவை மூன்று: பி, ஐ, டி. இவற்றின் பொருளை அறியக் கப்பல் ஒன்றின் சுக்கானைப் பிடித்திருந்தவர்களை நோக்கிப் போக வேண்டும். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர், அனுபவம் வாய்ந்த மாலுமிகள் கப்பலைத் திசைமாறாமல் ஓட்டும் விதத்தை ஆராய்ந்து 1922-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்கள் மூன்று விஷயங்களைச் சேர்த்தே பார்க்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பது ஒன்று. அதற்கேற்பச் சுக்கானைத் திருப்புவது பி. விலகல் எவ்வளவு விரைவாகக் கூடுகிறது அல்லது குறைகிறது என்பது இரண்டாவது. சரியான திசைக்கு வந்துகொண்டிருக்கும்போதே சுக்கானைத் தளர்த்திவிடுவது டி. காற்றோ நீரோட்டமோ ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தால், சிறு விலகல் விடாமல் நீடிக்கும்; அது சேர்ந்துகொண்டே போவதைக் கவனித்துச் சுக்கானை நிரந்தரமாகக் கொஞ்சம் சாய்த்து வைப்பது ஐ. இதே சிந்தனை நியூ மெக்சிகோ என்ற போர்க்கப்பலில் சோதிக்கப்பட்டது. இன்று மில்லிங் மேசையைக் காப்பதும் இதே மூன்றுதான்: பி இப்போதைய பிழையைப் பார்க்கிறது, ஐ கடந்தகாலப் பிழையின் கணக்கை வைத்திருக்கிறது, டி பிழை போகும் போக்கைப் பார்க்கிறது.

பி மட்டும் இருந்தால் ஓடும் மேசை கட்டளைக்குச் சற்றுப் பின்னாலேயே ஓடும். பிழை இருந்தால்தானே மோட்டாருக்கு உந்துதல் கிடைக்கும்? நிமிடத்துக்கு 1000 மில்லிமீட்டர் என்பது நொடிக்கு சுமார் 16.7 மில்லிமீட்டர். இட வளையத்தின் பெருக்கம் 50 என்றால், அதாவது ஒரு மில்லிமீட்டர் பிழைக்கு நொடிக்கு 50 மில்லிமீட்டர் வேகம் என்றால், மேசை 0.33 மில்லிமீட்டர் பின்தங்கி ஓடும். இதைப் பின்தங்கல் பிழை என்போம். கட்டர் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் தாமதமாக வருகிறதே, வேலைப்பாடு கெட்டுப்போகாதா என்ற பயம் இயல்பு. ஆனால் 25 மில்லிமீட்டர் ஆர வட்டத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், மேசை நகரும் எக்ஸ், ஒய் என்ற இரண்டு அச்சுகளும் ஒரே அளவு பின்தங்கும்வரை ஆரத்தில் குறைவது ஏறத்தாழ 2 மைக்ரான்தான். ஏனென்றால் தாமதம் பாதையின் மேலேயே நிகழ்கிறது. பாதையை விட்டு வெளியே தள்ளுவதில்லை. ஓர் அச்சின் பெருக்கம் 50, மற்றதினுடையது 40 என்று வைத்தால் கதையே மாறிவிடுகிறது. வட்டம் 45 பாகையில் சாய்ந்த நீள்வட்டமாகி, நீளமான விட்டத்துக்கும் குறுகிய விட்டத்துக்கும் 0.17 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே அதனதன் உச்ச சுறுசுறுப்புக்கு ட்யூன் செய்வது தவறாவது இதனால்தான். மெதுவான அச்சுக்கு மற்றது இணங்கிப்போக வேண்டும். அல்லது ஃபீட்ஃபார்வர்டு என்னும் முன்னூட்டத்தை இரண்டிலும் சேர்க்க வேண்டும். எந்த வேகத்தில் போக வேண்டும் என்பது கணினிக்கு முன்பே தெரியும். பிழை உண்டாகும்வரை காத்திராமல் அந்த வேகத்தை நேரடியாக டிரைவுக்குச் சொல்லிவிட்டால், பின்தங்கல் பெருமளவு மறைந்துவிடும். பி, ஐ, டி மூன்றும் மிச்சத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

சாய்ந்த நீள்வட்டத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது; நான்கு வடுக்களுக்குக் காரணம் என்ன? வட்டத்தின் 3 மணி, 9 மணி இடங்களில் எக்ஸ் அச்சு வந்த திசையை விட்டு எதிர்த்திசைக்குத் திரும்புகிறது. 12, 6 மணி இடங்களில் ஒய் அச்சு திரும்புகிறது. திரும்பும் கணத்தில் அந்த அச்சின் வேகம் பூஜ்யம். ஆகவே வடு என்பது திசைமாற்றத்தின் தடம். திசைமாற்றத்தில் இரண்டு குற்றவாளிகள் வெளிப்படுவார்கள். ஒருவர் பேக்லாஷ்: ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையே உள்ள தொளதொளப்பு. மோட்டார் திரும்பிவிட்டாலும் அந்த இடைவெளி தீரும்வரை மேசை நகராது. இன்னொருவர் நிலையுராய்வு: நின்றுவிட்ட மேசையைக் கிளப்ப, ஓடும் மேசையை ஓட்டுவதைவிட அதிக விசை வேண்டியிருப்பது. தட்டையான இரும்புத் தடத்தின் மேல் எண்ணெய்ப் படலத்தில் வழுக்கும் பழைய எந்திரங்களில் இது பெரிது. வெட்டிய வட்டத்தில் இரண்டின் வடுவும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒன்று வளையத்துக்கு வெளியே நடப்பது. இன்னொன்று பெரும்பகுதி வளையத்துக்கு உள்ளே நடப்பது. மருந்தும் ஆகவே வெவ்வேறு.

எது என்று எப்படி அறிவது? மூன்று சாட்சிகளை விசாரிக்கலாம். முதல் சாட்சி, பின்தங்கல் பிழையின் வரைபடம். லினக்ஸ்சிஎன்சியில் ஹால்ஸ்கோப் என்ற கருவி இதைத் திரையில் வரைந்து காட்டும். பெரும்பாலான டிரைவ் மென்பொருள்களிலும் இதுபோன்ற வசதி உண்டு. திசைமாற்றத்தில் வரைபடம் ஊசிபோல எழும்பி உடனே அடங்கினால், மோட்டாரே தடுமாறியிருக்கிறது, அது உராய்வு. வட்டத்தில் வடு இருந்தும் வரைபடம் தட்டையாக இருந்தால், என்கோடருக்குத் தெரியாத இடத்தில் தவறு நடந்திருக்கிறது, அது தொளதொளப்பு. இரண்டாவது சாட்சி டயல் கேஜ். அதன் முனையை மேசைமேல் ஊன்றி, மேசையை ஒரு திசையில் 0.01 மில்லிமீட்டராக நகர்த்திவந்து, பிறகு எதிர்த்திசையில் அதே அளவில் நகர்த்த வேண்டும். கட்டளை மூன்று நான்கு முறை போயும் முள் அசையவில்லை என்றால், அந்த அசையாத தூரமே பேக்லாஷ். மூன்றாவது சாட்சி வேகம். ஒரே வட்டத்தை மெதுவாகவும் விரைவாகவும் வெட்டிப் பார்க்க வேண்டும். தொளதொளப்பு ஓர் இடைவெளி என்பதால் அது உண்டாக்கும் படியின் உயரம் வேகத்தால் பெரிதாக மாறாது. உராய்வு உண்டாக்கும் முள் வேகத்துக்கேற்ப உருமாறும். கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரையன் 1980-களில் பால்பார் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். இரு முனைகளிலும் எஃகுக் குண்டுகள் கொண்ட, நீளம் மாறுவதை அளக்கவல்ல கம்பி அது. ஒரு குண்டை மேசையிலும் மற்றதைக் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலிலும் காந்தக் கிண்ணங்களில் உட்காரவைத்து எந்திரத்தை வட்டமடிக்கச் சொன்னால், எதையும் வெட்டாமலே அதன் ஆரப் பிழை முழுவதும் படமாகக் கிடைக்கும். பேக்லாஷ் அதில் படியாகத் தெரியும். உராய்வு முள்ளாகத் தெரியும். பொருந்தாத பெருக்கங்கள் சாய்ந்த நீள்வட்டமாகத் தெரியும்.

உராய்வுக்கும் ஐ பெருக்கத்துக்கும் உள்ள தகராறு தனியாகச் சொல்லத் தக்கது. நிற்கும் மேசை மெதுவாக, நொடிக்கு ஓரிரு முறை, முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். கனமான பீரோவைச் சுவரோரம் ஒரு விரற்கடை தள்ள முயன்றவர்களுக்கு இது புரியும். தள்ளுகிறோம், நகரவில்லை, இன்னும் பலம் கூட்டுகிறோம், நகரவில்லை, மேலும் கூட்டியதும் சட்டென்று நகர்ந்து, வேண்டியதைத் தாண்டிப் போய்விடுகிறது. இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ள வேண்டும். அங்கும் அதே கதை. ஐ பெருக்கம் செய்வது இதைத்தான். சிறு பிழை நீடிக்க நீடிக்கத் தள்ளும் விசையைச் சேர்த்துக்கொண்டே போகும். நிலையுராய்வு உடைந்ததும் சேர்த்த விசையெல்லாம் ஒன்றாகப் பாயும். இங்கே ஐ பெருக்கத்தைக் குறைத்தால் அசைவு நிற்கும். ஆனால் மேசை சரியான இடத்துக்கு ஒரு சில மைக்ரான் முன்னதாகவே நின்றுவிடும். அடிப்படை மருந்து மசகெண்ணெயும், மேசையை அதன் தடத்தோடு பிடித்துவைக்கும் கிப் என்னும் ஆப்புப்பட்டையின் இறுக்கமும்தான். எண்ணெய் வராத தடத்தை எண்களால் வழுக்கவைக்க முடியாது.

அளவுகருவிக்குத் தெரிகிறதா என்ற அதே கேள்வி மின்சாரக் கோளாறுகளுக்கும் பொருந்தும். முதன்முதலாக மின்சாரம் கொடுத்தவுடன் மோட்டார் முழு வேகத்தில் ஒரு பக்கமாக ஓடி முட்டிக்கொண்டால், அனேகமாகப் பின்னூட்டத்தின் திசை தலைகீழாக இருக்கிறது. பிழையைக் குறைக்க மோட்டார் நகரும் ஒவ்வொரு முறையும் என்கோடர் பிழை கூடிவிட்டதாகச் சொல்கிறது. கணினி இன்னும் பலமாகத் தள்ளுகிறது. டேக்கோவின் கம்பி அறுந்தாலும் இதுவே விளைவு: வேகம் பூஜ்யம் என்று நம்பி டிரைவ் மேலும் மேலும் விசையைக் கூட்டும். அதனால்தான் முதல் இணைப்புக்கு முன், மேசையைப் பயணப் பாதையின் நடுவில் நிறுத்தி, மின்னோட்ட வரம்பையும் பின்தங்கல் வரம்பையும் மிகச் சிறியதாக வைத்து, அவசர நிறுத்தப் பொத்தான்மேல் கையை வைத்துக்கொண்டே ஆரம்பிக்க வேண்டும். வளையத்தை மூடும் முன் ஸ்க்ரூவைக் கையால் திருப்பி, மேசை போகும் திசையில் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. மோட்டாரையும் கைவிரலையும் அது காப்பாற்றும். வரைபடம் அழகாக இருந்தும், பலமுறை ஓடித் திரும்பியபின் டயல் கேஜின் முள் பூஜ்யத்துக்கு வராவிட்டால், இன்னொரு சோதனை உண்டு. என்கோடர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒருமுறை தனித் துடிப்பு ஒன்றைக் கொடுக்கும். இரண்டு தனித் துடிப்புகளுக்கு இடையே சரியாக 4000 எண்ணிக்கை வர வேண்டும். கூடியோ குறைந்தோ வந்தால், டிரைவின் மின்னிரைச்சல் என்கோடர் கம்பியில் புகுந்துவிட்டது என்று பொருள். ஷீல்டு கேபிளையும் எர்த்தையும் பார்க்க வேண்டும், மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டிய என்கோடர் கேபிளைப் பிரிக்க வேண்டும். எண்ணிக்கை மிகச் சரியாக இருந்தும் மேசை இடம்மாறியிருந்தால், கப்ளிங்கின் திருகு நழுவுகிறது. கையில் எடுக்க வேண்டியது ஸ்பேனர்தான்.

சத்தமும் ஒரு தடயமே, ஆனால் அதைச் சோதித்தே நம்ப வேண்டும். நிற்கும்போது கரகரவென்ற சீற்றம் வந்தால் டி பெருக்கத்தின் மேல் சந்தேகப்படலாம். நாம் எடுத்துக்கொண்ட என்கோடரில் ஓர் எண்ணிக்கை 1.25 மைக்ரான், கணினி பார்ப்பது ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒருமுறை. ஆகவே அது காணக்கூடிய மிகச் சிறிய வேகம் நிமிடத்துக்கு 75 மில்லிமீட்டர். மேசை நிமிடத்துக்கு 30 மில்லிமீட்டர் வேகத்தில் சீராகப் போனாலும், கணினிக்கு அது பூஜ்யம், 75, பூஜ்யம், பூஜ்யம், 75 என்று விட்டுவிட்டுத்தான் தெரியும். போக்கைப் பார்க்கும் டி இந்தத் துள்ளலை உண்மை என்று நம்பிப் பெருக்குகிறது. நுண்ணிய என்கோடர்தான் இதற்குத் தீர்வு. இல்லையென்றால் டி பெருக்கத்தை அளவோடு வைக்க வேண்டும். ஒரே சுருதியில் ஊளையிட்டால் அது பெரும்பாலும் அதிர்வொத்திசைவு: ஸ்க்ரூ ஒரு வில்லாகவும் மேசை அதில் தொங்கும் எடையாகவும் சேர்ந்து துடிப்பது. மேசையின்மேல் கனமான வேலைப்பொருளை ஏற்றியதும் சுருதி இறங்கினாலோ, மேசையை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கொண்டுபோகும்போது சுருதி மாறினாலோ, ஊளை இரும்பிலிருந்து வருகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓடவிட்டும் ஊளை நிற்காவிட்டால், குற்றம் டிரைவின் உள் வளையங்களிலோ மின்னிரைச்சலிலோ இருக்கிறது.

இவ்வளவும் முடிந்த பிறகே ட்யூனிங். வேக வளையம் ஒழுங்காக இருக்கும் டிரைவில் முதலில் முன்னூட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். சீரான வேகத்தில் ஓடும்போது வரைபடம் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். பிறகு பி பெருக்கத்தை மேசை துடிக்கத் தொடங்கும்வரை ஏற்றி, கணிசமாகக் கீழே இறக்க வேண்டும். கடைசியில் ஐ பெருக்கத்தைத் தேவையான அளவுக்குக் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். வேகமெடுக்கும்போது மட்டும் வரைபடம் மலையாக எழுந்து, மோட்டாருக்குப் போகும் கட்டளையும் உச்ச வரம்பில் தட்டையாக நின்றுவிட்டால், கேட்கும் முடுக்கத்தைத் தரும் பலம் மோட்டாருக்கு இல்லை; முடுக்கத்தைக் குறைப்பதுதான் ஒரே வழி. பாடநூல்கள் சொல்லும் சீக்ளர்–நிக்கோல்ஸ் விதியை இங்கே அப்படியே எடுத்துக்கொள்வதில் ஆபத்து உண்டு. 1942-ல் வெளியான அந்த விதி, கொதிகலன்களையும் ரசாயன ஆலைகளையும் கட்டுப்படுத்தும் கருவிகள் செய்த டெய்லர் நிறுவனத்துப் பொறியாளர்களுடையது. ஒவ்வோர் ஊசலாட்டமும் முந்தியதில் கால் பங்காகக் குறைந்தால் போதும் என்பது அதன் இலக்கு. ஒரு தொட்டியின் வெப்பம் இலக்கைச் சற்றுத் தாண்டித் திரும்பிவந்தால் நட்டமில்லை. கட்டர் தாண்டினால் உலோகம் போய்விடும். போன உலோகம் திரும்பாது. மில்லிங் எந்திரத்துக்குத் தாண்டாத ட்யூனிங்தான் நல்ல ட்யூனிங்.

இந்த முறைக்கு எழும் எதிர்வாதங்களில் சில வலுவானவை. புதிய டிரைவ்களில் தானே ட்யூன் செய்துகொள்ளும் வசதி இருக்கிறதே, மனிதர் ஏன் மெனக்கெட வேண்டும் என்பது ஒன்று. அந்த வசதி உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது எந்திரத்தை அளப்பதும் என்கோடர் வழியாகவே. கிப் தளர்ந்திருக்கையில் அளந்தால், தளர்ந்த எந்திரத்துக்கான எண்களைக் கச்சிதமாகக் கொடுக்கும். பிறகு கிப்பை இறுக்கினால் அந்த எண்கள் செல்லாது. இரண்டாவது வாதம், சத்தம் வராத அளவுக்குப் பெருக்கங்களைக் குறைத்துவிட்டால் போதுமே என்பது. மோட்டார் தன் இடத்தில் உறுதியாக நிற்பதற்கான விறைப்பே பெருக்கத்திலிருந்துதான் வருகிறது. குறைத்தால் கட்டரின் விசை மேசையைத் தள்ளும். வேலைப்பொருளின் அளவு, வெட்டும் ஆழத்துக்கேற்ப மாறும். மௌனமான எந்திரம் துல்லியமான எந்திரம் என்று நினைப்பது தவறு. மூன்றாவது, பேக்லாஷ் எவ்வளவு என்று அளந்து மென்பொருளில் கொடுத்துவிட்டால், திசைமாறும்போது கணினியே அந்த அளவு கூடுதலாகச் சுற்றிவிடும் என்பது. ட்ரில் செய்வதற்கு இது போதும். ஆனால் கட்டர் வெட்டும் திசையும் மேசை நகரும் திசையும் ஒன்றாக இருக்கும் கிளைம்ப் மில்லிங்கில், கட்டர் மேசையைத் தன்னை நோக்கி இழுக்கும். தொளதொளப்பு அங்கேயே இருப்பதால் மேசை அந்த இடைவெளிக்குள் பாயும். ஈடு கொடுப்பதால் இடைவெளி மறைவதில்லை.

எல்லாவற்றிலும் வலுவான வாதம் நான்காவது. அளவுகருவியை மோட்டாரில் வைப்பதுதானே குறை? கண்ணாடி அளவுகோலை மேசையிலேயே பொருத்திவிட்டால் எல்லாப் பிழையும் வளையத்துக்குள் வந்துவிடுமே என்பார்கள். உயர்தர எந்திரங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். அது சரியான திசைதான். ஆனால் தொளதொளப்போடு அதைச் செய்தால் புதிய தொல்லை வரும். மோட்டார் இடைவெளிக்குள் சுற்றும்போது மேசை அசைவதில்லை. வளையத்துக்குத் தன் செயலின் விளைவு தெரியாமல் மேலும் சுற்றும். இடைவெளி தீர்ந்ததும் மேசை இடிபட்டுத் தாண்டும். பிறகு எதிர்த்திசையில் அதே ஆட்டம். ஆகவேதான் வேக வளையத்துக்கு மோட்டார் என்கோடரையும் இட வளையத்துக்கு மேசை அளவுகோலையும் தனித்தனியே வைக்கிறார்கள்; அதுவும் தொளதொளப்பு மிகச் சிறியதாக இருந்தால்தான் பலன் தரும். பார்வையின் எல்லையை விரிப்பது நல்லதே. ஆனால் பார்க்க முடிந்துவிட்டதால் மட்டும் ஒரு பிழை திருத்தக்கூடியதாகிவிடாது. அதைத் திருத்தும் வழியில் உள்ள பாகங்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும். எந்த வாதத்தின் வழியே போனாலும் முடிவில் ஸ்க்ரூ, நட், பேரிங், கிப் ஆகியவற்றின் நலத்துக்கே வந்து சேர்கிறோம்.

பழைய எந்திரத்துக்குப் புது மூளை வைத்து விற்கும்போது, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடும், எத்தனை வாட் மோட்டார் என்பவற்றையே முன்னிறுத்துகிறார்கள். வாங்குகிறவர் கேட்டு வாங்க வேண்டியவை நான்கு: ஒவ்வோர் அச்சிலும் டயல் கேஜால் அளந்த பேக்லாஷ், திசைமாற்றத்தின்போது எடுத்த பின்தங்கல் வரைபடம், முடிந்தால் பால்பார் படம், கடைசியாகக் கெயின் எண்கள். முன்னுள்ள அளவுகள் இல்லாத கெயின் எண்கள் பொருளற்றவை. எந்த நிலையில் இருந்த எந்திரத்துக்கு அவை எழுதப்பட்டன என்றே தெரியாது. அந்த அளவுகள் தேதியோடு கையில் இருந்தால், ஓராண்டு கழித்து எந்திரம் முரண்டு பிடிக்கும்போது அதே சோதனைகளைத் திரும்பச் செய்து, மாறியது எது என்று அரைநாளில் சொல்லிவிடலாம். வரைபடம் மாறாமல் டயல் கேஜ் மட்டும் மாறியிருந்தால் நட்டைக் கழற்றுங்கள். வரைபடமும் மாறியிருந்தால் எண்ணெய், கிப், மோட்டார், டிரைவ் என்று வரிசையாகப் பாருங்கள். இரும்பு மாறவில்லை, மின்சாரம் மாறவில்லை என்பது அளவுகளால் உறுதியான பிறகு கெயின் பக்கத்தைத் திறக்கலாம். இந்த ஒழுங்குக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு டயல் கேஜும் இலவச மென்பொருளும் வைத்திருக்கும் மிகச் சிறிய பட்டறைகூட நாளைக் காலையே இதைத் தொடங்கலாம்.